முதலில் பின்கதவைத் திறந்து பாருங்கள்: பழைய ஆர்கேட் இயந்திரங்களும் வீடியோ கேம்களும் வாங்கும் முறை

காசு போட்டு ஆடும் பழைய ஆர்கேட் இயந்திரம் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அதன் முகத்தைப் பார்த்தே முடிவு செய்துவிடுகிறார்கள். மேலே மார்க்கீ என்ற பெயர்ப்பலகை பளிச்சென்று எரிகிறது, பக்கப் பலகையில் அந்தக் காலத்து ஓவியம் மங்காமல் இருக்கிறது, திரையில் விளையாட்டு ஓடுகிறது என்றால் வேறென்ன வேண்டும் என்று தோன்றிவிடும். நானும் முதல் இயந்திரத்தை அப்படித்தான் வாங்கினேன். வீட்டில் கொண்டுவந்து இறக்கிய பிறகு பின்கதவைத் திறந்தால், அடிப்பலகை ஈரத்தில் ஊறி விரல் பட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. பவர் சப்ளைக்குப் போகும் ஒயர்களில் நான்கு இடங்களில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. எர்த் ஒயரை யாரோ வெட்டி மடக்கிவிட்டிருந்தார்கள். அதன் பிறகு எந்த இயந்திரத்தையும் நான் முன்பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்குவதில்லை. முதலில் பின்கதவு, பிறகுதான் திரை. வீட்டில் வைத்து ஆடும் கன்சோல்களுக்கும், அவற்றில் செருகும் விளையாட்டுப் பெட்டிகளான கார்ட்ரிட்ஜ்களுக்கும் இதே வரிசைதான் பொருந்தும்.

எதை வாங்குவது

வாங்குவதற்கு முன் ஒரு வாரமாவது அந்த விளையாட்டை ஆடிப் பார்க்க வேண்டும். 1997-இல் தொடங்கிய மேம் என்ற எமுலேட்டர் திட்டத்தின் உதவியால் இன்று ஏராளமான பழைய ஆர்கேட் விளையாட்டுகளைக் கணினியிலேயே இயக்கிப் பார்க்க முடிகிறது. சிறுவயதில் பத்து நிமிடம் ஆடிய விளையாட்டின் நினைவு இனிமையாக இருக்கலாம். ஆனால் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு பெட்டியைக் கூடத்தில் நிறுத்தி ஆண்டுக்கணக்கில் ஆடுவதற்கு அந்த நினைவு மட்டும் போதாது. ஏழு நாள் ஆடியும் எட்டாம் நாள் மறுபடி ஆடத் தோன்றுகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

1972-இல் வந்த பாங், 1978-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1980-இல் வந்த பேக்-மேன், 1981-இல் வந்த டாங்கி காங், கலாகா ஆகியவை உள்ள தொடக்க காலத்து இயந்திரங்கள் ஒவ்வொன்றும் தனிப் பிறவி. கேபினட் என்ற வெளிப்பெட்டி, ஒயரிங், பவர் சப்ளை, கட்டுப்பாட்டுப் பலகை எல்லாமே அந்த ஒரு விளையாட்டுக்காக உருவாக்கப்பட்டவை. ஆகவே ஒரு பாகம் பழுதானால் அதே பாகத்தைத் தேடித்தான் ஆக வேண்டும். 1985-இல் ஜப்பானிய உற்பத்தியாளர் சங்கம் ஜாமா என்ற பொது இணைப்பு முறையை வகுத்தது. மின்சாரம், படம், ஒலி, ஜாய்ஸ்டிக், பட்டன், காசு போடும் பகுதி என அனைத்தும் 56 பின்கள் கொண்ட ஒரே இணைப்பியின் வழியாகப் போகும்படி அது அமைந்திருக்கிறது. இதனால் ஒரு கேபினட்டை வைத்துக்கொண்டு, விளையாட்டு அடங்கிய சர்க்யூட் போர்டை மட்டும் கழற்றி மாட்டி வேறு வேறு விளையாட்டுகளை ஆட முடிகிறது. 1991-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 போன்ற ஆறு பட்டன் விளையாட்டுகளுக்கு மட்டும், உதைக்கும் பட்டன்களுக்கென்று தனியாக ஓர் ஒயர்க்கட்டு கூடுதலாக வேண்டும்.

முதல் முறை வாங்குகிறவருக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது, நல்ல நிலையில் இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு ஜாமா கேபினட்டைத்தான். 1979-இல் வந்த ஆஸ்டிராய்ட்ஸ், 1981-இல் வந்த டெம்பெஸ்ட் போன்றவற்றில் படத்தைப் புள்ளிகளால் நிரப்பாமல், எலெக்ட்ரான் கற்றையால் நேராகக் கோடு இழுத்து வரையும் வெக்டர் மானிட்டர் இருக்கிறது. அந்தக் கோடுகளின் கூர்மைக்கு வேறெந்தத் திரையும் ஈடாகாது என்பது என் உறுதியான கருத்து. ஆனாலும் அவற்றைப் பழுது பார்ப்பது கடினம், உதிரி பாகங்களும் எளிதில் அகப்படுவதில்லை. 1983-இல் வந்த டிராகன்ஸ் லேர் லேசர்டிஸ்க் பிளேயரை நம்பி ஓடுவது. சுழன்று தேயும் பாகங்கள் கொண்ட ஒரு கருவியைப் பராமரிக்கும் பொறுப்பும் அதனுடன் சேர்ந்து வருகிறது. இவற்றை இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வாங்கலாம்.

இயந்திரத்தைப் பார்க்கப் போகும்போது

டார்ச், மல்டிமீட்டர், ஸ்க்ரூடிரைவர், அளவுநாடா ஆகிய நான்கும் கையில் இருக்க வேண்டும். விற்பவர் இயந்திரத்தை முன்கூட்டியே போட்டு வைத்திருந்தால், அணைத்துச் சற்று நேரம் விட்டு மறுபடி போடச் சொல்லுங்கள். சூடேறிய பிறகே படம் நிலைக்கும் மானிட்டர்களும், சூடேறியதும் படம் கலையும் போர்டுகளும் உண்டு. இரண்டையும் பார்க்க வேண்டுமானால் குளிர்ந்த நிலையில் தொடங்கி அரை மணி நேரமாவது ஓட விட வேண்டும்.

கேபினட்டின் அடிப்பகுதியைக் குனிந்து பார்ப்பது அவசியம். ப்ளைவுட்டில் செய்தவை ஓரளவு ஈரத்தைத் தாங்கும். மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு ஒருமுறை தண்ணீரில் ஊறி உப்பிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பாது; அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுப்பலகை பொருத்துவதுதான் ஒரே வழி. ஓரங்களில் ஓடும் பிளாஸ்டிக் பட்டை கிழிந்திருப்பதும், ஜாய்ஸ்டிக் தளர்ந்திருப்பதும், பட்டன் ஒட்டிக்கொள்வதும் சிறு குறைகள். அவற்றுக்கு இன்றும் புதிய பாகங்கள் கிடைக்கின்றன. அவற்றைக் காரணம் காட்டி விலையைக் குறைக்கப் பேசலாம், இயந்திரத்தை வேண்டாம் என்று ஒதுக்க வேண்டியதில்லை.

மானிட்டரின் நிலைமைதான் பெரும்பாலும் வாங்குவதா விடுவதா என்பதைத் தீர்மானிக்கிறது. அதிலுள்ள பிக்சர் டியூப் போன்றவை இப்போது தயாரிக்கப்படுவதில்லை என்பதால், நல்ல டியூப் ஒன்று முழு இயந்திரத்திலும் மதிப்பு மிக்க பாகமாகிவிடுகிறது. திரையை அணைத்துவிட்டு டார்ச் ஒளியைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். ஒரே படம் பல ஆண்டுகள் நின்று எரிந்திருந்தால் அதன் தடம் திரையின் உட்புறம் பூசியிருக்கும் பாஸ்பரில் பதிந்திருக்கும்; பேக்-மேன் ஓடிய திரைகளில் அந்தப் புதிர்ப்பாதையின் சுவர்கள் சாம்பல் நிறக் கோடுகளாக அணைந்த கண்ணாடியிலும் தெரியும். அதை அழிக்க முடியாது. மாறாக, படம் நடுவில் ஒரே கிடைக்கோடாகச் சுருங்கியிருப்பது, ஓரங்கள் வளைந்து நெளிவது, ஒரு நிறம் குறைவது போன்றவை பல நேரங்களில் மானிட்டரின் சர்க்யூட்டில் உள்ள பழைய எலெக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர்கள் வற்றியதாலோ, சால்டர் விரிசல் விட்டதாலோ வருபவை. திறமையான மெக்கானிக் அவற்றைச் சரிசெய்துவிடுவார். டியூபின் கழுத்து உடைந்து காற்று புகுந்திருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். டியூபின் மேற்புறத்தில் ரப்பர் மூடிக்குள் போகும் தடித்த ஒயரில் இருபதாயிரம் வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் இருக்கும். மின்சாரத்தை நிறுத்தி ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அது டியூபுக்குள் தங்கியிருக்கலாம். அதை முறையாக வெளியேற்றக் கற்றுக்கொள்ளாதவர் மானிட்டர் பக்கம் கையை நீட்டவே கூடாது. கற்றவர் ஒருவர் பக்கத்தில் நின்று காட்டியபின் செய்வதுதான் சரி. மேலும் அக்காலத்து மானிட்டர்கள் பல, வீட்டு மின்இணைப்போடு நேரடித் தொடர்பில்லாமல் பிரித்துத் தரும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மட்டுமே மின்சாரம் பெற வேண்டியவை. யாராவது அதைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைத்திருந்தால் மானிட்டரின் உலோகச் சட்டத்திலேயே மின்சாரம் பாயும். கேபினட்டின் அடியில் அந்தக் கனமான டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா, எர்த் ஒயர் முறையாக இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பானிய இயந்திரங்கள் 100 வோல்ட்டுக்கு உரியவை. அமெரிக்க இயந்திரங்கள் 120 வோல்ட்டுக்கு உரியவை. 220 முதல் 240 வோல்ட் வரும் இடங்களில் அவற்றை நேரடியாகச் செருகினால் முதல் நொடியிலேயே பழுதாகிவிடலாம்.

போர்டும் அதன் பேட்டரியும்

விளையாட்டு போர்டைப் பார்க்கும்போது என் கண் முதலில் தேடுவது பேட்டரியைத்தான். அமைப்புகளையும் அதிக மதிப்பெண்களையும் நினைவில் வைப்பதற்காகப் பல போர்டுகளில் பேட்டரி வைத்தார்கள். 1981-இல் வந்த டிஃபெண்டர் இயந்திரத்தின் போர்டில் மூன்று ஏஏ பேட்டரிகள் உட்காரும் பெட்டி உண்டு. 1990-இல் வந்த நியோ ஜியோ ஆர்கேட் போர்டுகளில் நிக்கல் காட்மியம் பேட்டரி சால்டர் செய்யப்பட்டிருக்கும். காலம் போகப்போக இவை கசிகின்றன. நான் வாங்கிய ஒரு நியோ ஜியோ போர்டில் பேட்டரியைச் சுற்றி உப்புப் பூத்தது போல வெண்மையும் பச்சையுமாக ஒரு படிவு இருந்தது. பழைய பல்துலக்கும் பிரஷை வினிகரில் தோய்த்துத் தேய்த்து, பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தபோது, படிவின் கீழே மூன்று செம்புப் பாதைகள் நூல் அறுந்தது போல அரிக்கப்பட்டுப் போயிருந்தன. மெல்லிய ஒயரால் அவற்றை ஒவ்வொன்றாக இணைத்த பிறகே படம் வந்தது. விற்றவர் அந்த பேட்டரியை முன்பே வெட்டி எடுத்திருந்தால் இந்த வேலைக்கே இடமிருந்திருக்காது. போர்டு உங்கள் கைக்கு வந்த அன்றே கசியும் வகைப் பேட்டரியை அகற்றிவிடுங்கள்.

இந்த அறிவுரைக்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு. கேப்காம் நிறுவனம் 1993-இல் கொண்டுவந்த சிபிஎஸ்-2 போர்டுகளில், விளையாட்டின் மறைகுறியீட்டைத் திறக்கும் சாவியையே பேட்டரியின் துணையால் நினைவகத்தில் வைத்திருந்தார்கள். பேட்டரி தீர்ந்தால் சாவி அழியும், போர்டு இயங்காது. சேகரிப்பாளர்கள் இதைத் தற்கொலை பேட்டரி என்றே அழைக்கிறார்கள். அந்தச் சாவியை மறுபடி எழுதி இறந்த போர்டை எழுப்பும் முறைகளை ஆர்வலர்கள் பின்னாளில் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றாலும், வாங்கும்போது பேட்டரி எப்போது மாற்றப்பட்டது, போர்டில் அந்தத் திருத்தம் செய்யப்பட்டிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. இவ்வகைப் போர்டின் பேட்டரியை முன்யோசனையின்றிப் பிடுங்கிவிடாதீர்கள்.

போலிப் போர்டுகள் அந்தக் காலத்திலேயே ஏராளமாக உலவின. போர்டில் தயாரித்த நிறுவனத்தின் பெயர் அச்சாகாமல் இருப்பது, சிப்களின் எண்கள் சுரண்டப்பட்டிருப்பது, கையெழுத்தில் எழுதிய ஸ்டிக்கர்கள் ஒட்டியிருப்பது ஆகியவை சந்தேகத்துக்குரிய அடையாளங்கள். ஸ்டிக்கரைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று: ஈப்ரோம் சிப்களின் மேலுள்ள சிறு கண்ணாடிச் சன்னலை மூடியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்க்கும் ஆர்வத்தில் உரித்துவிடக் கூடாது, ஏனெனில் அதன் வழியாகப் புற ஊதா ஒளி படப்பட உள்ளே பதிந்திருக்கும் நிரல் அழிந்துவிடும்.

கேபினட் அசலா, பிறகு மாற்றப்பட்டதா என்பதையும் கேட்டறிய வேண்டும். வருமானம் குறைந்த இயந்திரங்களைப் பூசி மறைத்து, வேறு விளையாட்டின் போர்டையும் ஸ்டிக்கர்களையும் போட்டு மறுபடி காசு பார்ப்பது அன்று ஆர்கேட் கூடங்களை நடத்தியவர்களின் வழக்கம். பின்புறம் உள்ள வரிசை எண் தகட்டில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பக்கப் பலகையில் பெயிண்டுக்கு அடியில் பழைய ஓவியத்தின் விளிம்பு புடைத்துத் தெரிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மாற்றப்பட்ட கேபினட்டை வாங்குவதில் தவறில்லை. நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் அடங்கிய புதிய பலவிளையாட்டு போர்டு பொருத்தியதை வாங்குவதிலும் தவறில்லை. ஆனால் அதற்கு அசலின் விலையைக் கொடுக்கக் கூடாது. புதிதாக அச்சடித்த மார்க்கீயும் ஓவியமும் அப்படியே. அவை புதியவை என்று விற்பவர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

வீட்டுக் கன்சோல்களும் கார்ட்ரிட்ஜ்களும்

இடம் குறைவாக உள்ளவர்கள் கன்சோலில் தொடங்கலாம். முதலில் எந்தப் பிரதேசத்துக்கு உரியது என்பதைப் பார்க்க வேண்டும். 1983-இல் ஜப்பானில் வந்த ஃபேமிகாமின் கார்ட்ரிட்ஜில் 60 பின்கள். அதுவே 1985-இல் அமெரிக்காவுக்கு என்இஎஸ் என்ற பெயரில் போனபோது 72 பின்கள். பால் (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறை உள்ள நாடுகளுக்கென வந்த கன்சோல்கள் 60 ஹெர்ட்ஸுக்குப் பதில் 50 ஹெர்ட்ஸில் ஓடுபவை. அதற்கேற்பத் திருத்தப்படாத விளையாட்டுகள் அவற்றில் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, இசையும் இழுபட்டு ஒலிக்கும். அடாப்டர் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அமெரிக்க என்இஎஸ் அடாப்டர் தருவது 9 வோல்ட் மாறுமின்சாரம். ஃபேமிகாமுக்கு வேண்டியது நேர்மின்சாரம். முனை ஒன்றுபோலப் பொருந்துகிறது என்று மாற்றிச் செருகினால் ஃபேமிகாம் பழுதாகிவிடும். எந்தக் கன்சோலாக இருந்தாலும் வோல்ட், ஆம்பியர், முனையின் நேர் எதிர்த் துருவங்கள் ஆகியவற்றை அச்சிட்ட எழுத்திலிருந்து படித்துச் சரிபார்த்துவிட்டே இணையுங்கள்.

கார்ட்ரிட்ஜ் ஓடவில்லை என்றால் அது பழுது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். அதை வாயால் ஊதும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும், ஏனெனில் எச்சிலின் ஈரம் தொடுமுனைகளை அரிக்கும். பஞ்சுக் குச்சியை அடர்த்தியான ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்து, முனைகளின் நீளவாட்டில் மெதுவாக இழுத்துத் துடையுங்கள். முதல் குச்சி கரி படிந்தது போல வரும், அடுத்தது சாம்பல் நிறமாக வரும். குச்சி வெள்ளையாகவே திரும்பும்வரை துடைத்து, நன்றாக உலர விட்டுச் செருகினால் பெரும்பாலானவை உயிர் பெற்றுவிடும்.

நிண்டெண்டோ கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றை 3.8 மில்லிமீட்டர் தனிவகைத் திருப்புளியால் திறக்கலாம், கன்சோல்களுக்கு 4.5 மில்லிமீட்டர். விலை உயர்ந்த கார்ட்ரிட்ஜை வாங்குவதற்கு முன் திறந்து காட்டச் சொல்வது முறையான கோரிக்கைதான், நேர்மையான விற்பனையாளர் அதை மறுக்கமாட்டார். கேம் பாய் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜ்களில் போலிகள் மிக அதிகம். அசலில் தொடுமுனைகளுக்குச் சற்று மேலே போர்டில் நிண்டெண்டோ பெயர் அச்சாகியிருப்பதை வெளியிலிருந்தே பார்க்கலாம், லேபிளிலும் ஓர் எண் மெல்ல அழுத்திப் பதிக்கப்பட்டிருக்கும். ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் பல பழைய கார்ட்ரிட்ஜ்களுக்குள் நாணய வடிவ பேட்டரி உண்டு. அதை மாற்றலாம், ஆனால் மாற்றும்போது சேமித்த ஆட்டம் போய்விடும்.

கன்சோல்களிலும் காலம் தன் வேலையைக் காட்டுகிறது. 1990-இல் வந்த சேகா கேம் கியரின் கபாசிட்டர்கள் கசிந்து ஒலி தேய்வதும் திரை மங்குவதும் மிகப் பொதுவான குறை. கபாசிட்டர்கள் மாற்றப்பட்டதை வாங்குவது மேல். 2001-இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸில், கடைசிப் பதிப்பைத் தவிர மற்றவற்றில், கடிகாரத்துக்காக வைத்த கபாசிட்டர் கசிந்து போர்டை அரிக்கும். வாங்கியவுடன் அதை எடுத்துவிடுவது நல்லது. வெள்ளை பிளாஸ்டிக் மஞ்சளாவது அழகுக்குறை மட்டுமே. குறுந்தகட்டின் அடிப்பக்கக் கீறல்களைவிட லேபிள் பக்கக் கீறல்களுக்கே அஞ்ச வேண்டும், ஏனென்றால் தகவல் பதிந்த படலம் லேபிளுக்கு நேர் கீழே இருக்கிறது. தகட்டை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் ஊசித்துளைகள் போல ஒளி கசியும் இடங்கள் தெரிந்துவிடும்.

ஒளித்துப்பாக்கி விளையாட்டுகளை விரும்புகிறவர்கள் பழைய டியூப் டிவி ஒன்றையும் சேர்த்தே தேட வேண்டும். டக் ஹன்ட் விளையாட்டின் துப்பாக்கி இக்காலத் தட்டைத் திரைகளில் வேலை செய்யாது.

விலை பேசுவது

விற்பவர்கள் கேட்கும் விலையைச் சந்தை விலையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. விற்று முடிந்தவற்றின் விலைகளைத் திரட்டிப் பாருங்கள். 2021-இல் உறை பிரிக்காத சூப்பர் மாரியோ 64 ஒன்று 15.6 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்தச் செய்திக்குப் பிறகு உறையில்லாத சாதாரண கார்ட்ரிட்ஜை வைத்திருந்தவர்கள்கூடத் தங்களிடம் புதையல் இருப்பதாக நம்பத் தொடங்கினார்கள். ஏலக்கூடத்தில் தரமதிப்பீடு பெற்றுப் பெட்டிக்குள் அடைபட்டிருக்கும் பொருளும், நீங்கள் கையில் எடுத்து ஆடப்போகும் பொருளும் இரு வேறு சந்தைகளைச் சேர்ந்தவை. பழமையும் தனியே விலையைத் தீர்மானிப்பதில்லை. 1982-இல் அட்டாரி வெளியிட்ட இ.டி. விளையாட்டு விற்காமல் தேங்கி, நியூ மெக்சிகோவின் அலமோகோர்டோவில் குப்பைக்கிடங்கில் புதைக்கப்பட்டு 2014-இல் தோண்டி எடுக்கப்பட்ட கதை புகழ் பெற்றது. ஆனாலும் பெருமளவில் அச்சான அந்த கார்ட்ரிட்ஜ் எளிதில் கிடைப்பதுதான்.

வீட்டுக்குக் கொண்டுவருவது

இயந்திரத்தின் அகலத்தையும் உயரத்தையும் மட்டுமன்றி, வாசல், படிக்கட்டு, திருப்பம் ஆகியவற்றையும் முன்பே அளந்துவிடுங்கள். காசுக்கதவு, பின்கதவு ஆகியவற்றின் சாவிகள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். போர்டைக் கழற்றித் தனியே பொதிந்து கொண்டுவருவதும், மார்க்கீ கண்ணாடியாக இருந்தால் அதையும் எடுத்துவிடுவதும் நல்லது. கேபினட்டை நிமிர்ந்த நிலையில் வண்டியின் சுவரோடு பட்டைகளால் இறுகக் கட்ட வேண்டும். குறைந்தது இரண்டு பேர் துணைக்கு வேண்டும்.

வந்து சேர்ந்ததும் ஆசையில் உடனே ஸ்விட்சைப் போட்டுவிடாதீர்கள். பயணத்தில் கழன்ற இணைப்பிகள், உள்ளே விழுந்து கிடக்கும் திருகுகள், பழைய நாணயங்கள் எல்லாவற்றையும் தேடி எடுங்கள். போர்டை இணைக்காமல் பவர் சப்ளையை மட்டும் இயக்கி, 5 வோல்ட், 12 வோல்ட் இணைப்புகளை மல்டிமீட்டரால் அளந்து பார்த்துவிட்டு, அணைத்துப் போர்டை மாட்டி, மறுபடி இயக்கிப் போர்டின் விளிம்பிலேயே 5 வோல்ட்டை அளவிடுங்கள். 4.75-க்குக் கீழே போனால் விளையாட்டு தானாக நின்று நின்று தொடங்கும், 5.25-க்கு மேலே போனால் சிப்களுக்கு ஆபத்து. திரையின் மூலைகளில் நிறம் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் பக்கத்தில் ஒலிபெருக்கி ஏதும் இருக்கிறதா என்று பார்த்து நகர்த்துங்கள். எல்லாம் சரியாக இருந்தால் போர்டின் டெஸ்ட் மோடுக்குப் போய், திரை முழுவதும் வரும் கட்டக்கோடுகளை அன்றே புகைப்படம் எடுத்து, அளந்த வோல்ட் எண்களோடும் பேட்டரி மாற்றிய தேதியோடும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து படம் சற்றுச் சுருங்கியிருப்பதாகத் தோன்றும்போது ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் புகைப்படம் கையில் இருக்கும்.